ஐம்பது பேர் கல்யாணம்

அன்புள்ள அக்கா,

தங்கைக்கு வரும் ஆவணியில் கல்யாணம். 800 பத்திரிகை என்று பேசி வைத்திருந்தோம். இப்போது கொரோனாவுக்காக 50 பேருக்கு மேல் கூடாது என்கிறார்கள். மண்டபத்தை விட்டுவிட்டு எங்கள் வீட்டு மொட்டைமாடியிலேயே பந்தல் போடுவதாக முடிவு. மாப்பிள்ளை வீட்டார் கரூர். அவர்களுக்கு 25, எங்களுக்கு 25 என்று பிரித்துக்கொண்டோம். மற்றவர்களுக்கு யூட்யூப் லைவ். பத்திரிகை வேண்டாம், வாட்ஸ்அப் போதும் என்கிறேன் நான். நேரில் போய் வைக்காவிட்டால் மரியாதை இல்லை என்கிறார் அப்பா. இருபது வருஷமாக ஊரெல்லாம் மொய் செய்திருக்கிறோம், அதுவும் இருக்கிறது. எதையாவது விட்டிருக்கிறோமா?

எம்., திண்டுக்கல்
ஜூலை 2021

அன்புள்ள எம்.,

25, 25 என்று பிரித்தீர்களே, ஐயர் எந்தப் பக்கம்? அவர் ஒருவர், நாதஸ்வரமும் தவிலும் இரண்டு, போட்டோவும் வீடியோவும் இரண்டு, சமையலுக்கு மூன்று, பரிமாற மூன்று. ஆக 11 பேர். எண்ண வருகிற அதிகாரி தலையைத்தான் எண்ணுவார், உறவுமுறை கேட்கமாட்டார். மிச்சம் 39. பெண்ணையும் மாப்பிள்ளையையும் கழித்தால் 37, பக்கத்துக்குப் பதினெட்டுதான். முதலில் சடங்கில் வேலை இருப்பவர்களை எழுதுங்கள்: தாய்மாமன், மூன்றாம் முடிச்சு போடும் நாத்தனார், இரு பக்கத்துப் பெற்றோர். மீதி இடத்துக்கு ஆள் ஆளாக யோசிக்காமல் வீட்டுக்கு இருவர் என்று ஒரே விதி வையுங்கள். பெரியப்பா வீட்டில் நாலு, சித்தப்பா வீட்டில் ஒன்று என்று போனால் கொரோனா போன பிறகும் அந்தப் பேச்சு போகாது.

அப்பா விஷயத்தில் நான் உங்கள் கட்சி, ஆனால் பாதிதான். பத்திரிகை வைக்கும் சுற்றுதான் இந்தக் கல்யாணத்தின் உண்மையான கூட்டம். இருநூறு வீடு, வீட்டுக்குக் கால் மணி நேரம், மூடிய கூடம், மாஸ்க்கை இறக்கிவிட்டுக் காபி. மாடியில் காற்றாட ஒரு மணி நேரம் உட்காருவதைவிட இது பல மடங்கு ஆபத்து. தொற்றினால் சராசரியாக ஐந்தாறு நாளில்தான் காய்ச்சல் தெரியும். அதற்குள் அவர் எத்தனை வீடு ஏறியிருப்பார்! தபாலில் அனுப்பிவிட்டு, அது போய்ச் சேரும் முன்பே அப்பாவை ஒவ்வொருவருக்கும் போன் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் பேசினால் எடுபடாது, அவர் குரல் வேண்டும்.

அச்சடிக்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். திருமணத்தைப் பதியப் போகும்போது, நடந்ததற்கு ஆதாரமாகப் பத்திரிகையையோ கோயில், மண்டப ரசீதையோதான் கேட்பார்கள். மாடிக் கல்யாணத்துக்கு ரசீது ஏது? உங்கள் வீட்டுக் கதவு எண்ணோடு, ஆதாரில் இருக்கும் அதே பெயரும் இனிஷியலும் போட்டு அடியுங்கள். பழைய மண்டபத்தின் பெயர் போட்ட பத்திரிகை கையில் இருந்தால் அதைக் கொண்டுபோகவே வேண்டாம்; இடம் ஒன்று, காகிதம் ஒன்று என்றால் அங்கேயே நிற்கும். தேதி தள்ளிப்போனாலும் பத்துப் பிரதியாவது புதிதாக அடித்துவிடுங்கள். 2009-ம் வருஷச் சட்டப்படி பதிய 90 நாள். அதற்கு மேல் 60 நாள் வரை கூடுதல் கட்டணத்தோடு பதியலாம். தேனிலவு முடியட்டும் என்று விட்டு மறந்தவர்கள் நிறைய.

மாடிக்கு வருவோம். பந்தல்காரர் அழகுக்காக நாலு பக்கமும் துணி கட்டுவார். கட்டிவிட்டால் அதுவும் மூடிய அறைதான். எதிரெதிரே இரண்டு பக்கமாவது திறந்திருக்கட்டும், ஓமகுண்டத்துக்கு நேர் மேலே துணியே வேண்டாம். தரையில் செங்கல் அடுக்கி மணல் பரப்பாமல் குண்டம் வைத்தால் ஓடு வெடிக்கும். எல்லோரும் மறப்பது சானிடைசர். கையில் ஈரம் காயும் முன் நெய் விட நீட்டினால் பிடித்துக்கொள்ளும். பகல் வெளிச்சத்தில் அந்தச் சுடர் கண்ணுக்கே தெரியாது. மணமேடை அருகே அந்தப் பாட்டிலே கூடாது. மாடிப்படி அடியில் ஒரு குழாய், ஒரு சோப்பு போதும்.

ஐயருக்குக் காய்ச்சல் என்று முதல் நாள் ராத்திரி போன் வந்தால் பதறாதீர்கள். இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967-ல் சேர்த்த 7-அ பிரிவின்படி, உறவினரும் நண்பர்களும் பார்க்க மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ அது சட்டப்படி கல்யாணம். முகூர்த்தம் தவறாது.

மாஸ்க் கட்டாயம் கழல்வது சாப்பாட்டில். நம் பந்தி ஒரு பக்கமாகத்தான் உட்காரும், அது ஒரு வசதி. ஒரே வீட்டாரைச் சேர்த்து உட்காரவைத்து, அடுத்த வீட்டுக்கு முன் இரண்டு இலை இடம் விடுங்கள். இரண்டு பந்தி போதும். ஐந்நூறு இலைக்குப் பழகிய மாஸ்டர் கை கொஞ்சத்தில் அடங்காது. ஆறு கிலோ அரிசி, சாம்பாருக்கு ஒன்றரை கிலோ துவரம்பருப்பு என்று நீங்களே அளந்து கொடுங்கள்.

யூட்யூப் லைவ் போனிலிருந்து என்றால் சேனலுக்குக் குறைந்தபட்சம் இத்தனை சந்தாதாரர் என்று ஒரு கணக்கு வேண்டும். லேப்டாப்பில் அந்த நிபந்தனை இல்லை. ஆனால் எதில் செய்தாலும், முதல் தடவை லைவைத் திறந்துவிட 24 மணி நேரம் ஆகும். முகூர்த்தத்தன்று காலையில் அமுக்கிப் பார்த்தால் அவ்வளவுதான். ஜூமுக்கு ஓடினால் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும், கெட்டிமேளத்துக்கு முன்பாகவே. தவில் பக்கத்தில் மைக்கை வைக்காதீர்கள், ஒலி கிழியும். தாலி கட்டும் நேரத்தில் எல்லோரும் எழுந்து முன்னால் சூழ்வார்கள். கேமராவை ஆள் உயரத்துக்கு மேல் கட்டிவிடுங்கள்.

மொய் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். இந்த ஜனவரியில் மதுரைக் கல்யாணம் ஒன்றில் பத்திரிகையிலேயே கூகுள் பே, போன் பே க்யூஆர் கோடு அச்சிட்டது செய்தியானது. சிக்கல் பிறகுதான் வரும். பணம் வந்த இடத்தில் ‘முருகன் கே’ என்று மட்டும் இருக்கும். உங்கள் மொய் நோட்டில் எத்தனை முருகன்? ஊர், அப்பா பெயர் இல்லாமல் திருப்பிச் செய்ய முடியாது. ஒவ்வொரு வரவுக்கும் அன்று சாயங்காலமே போன் செய்து, நன்றி சொல்லுகிற சாக்கில் ஊரைக் கேட்டு, பழையபடி நோட்டில் ஏற்றுங்கள். அந்த வேலையையும் அப்பாவிடமே கொடுங்கள்.