சேனலை மாற்றினால் போதாதா?

கேள்வி: பிக் பாஸ் மாதிரி ரியாலிட்டி நிகழ்ச்சிகள் மேல் சிலருக்கு ஏன் இவ்வளவு கோபம்? பிடிக்கவில்லை என்றால் சேனலை மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே?

நான் 2017-லேயே மாற்றிவிட்டேன். ஆனால் நான் நர்ஸ். நைட் டியூட்டியில் ஒன்பது மணிக்கு மாத்திரை ட்ராலியைத் தள்ளிக்கொண்டு போனால் அறைக்கு அறை அந்த வீடுதான் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே ரிமோட் என் கையில் இல்லை.

என் கோபம் தொடங்கிய இடத்தைச் சொல்கிறேன். 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்தபோது, கூட்டத்தில் கோஷம் போட்ட ஒரு பெண்ணின் வீடியோ எல்லோர் செல்போனுக்கும் வந்தது. அவர் ஒரு நர்ஸ் என்று தெரிந்ததும் எங்கள் ஹாஸ்டலே துள்ளியது. "நம்ம ஆளுடி!" என்று ஒருத்திக்கொருத்தி காட்டிக்கொண்டோம். ஊர் அவரை வீரத்தமிழச்சி என்று கொண்டாடியது. அவர்தான் ஜூலி.

அதே வருஷம் ஜூன் 25 அன்று விஜய் டிவியில் பிக் பாஸ் முதல் சீசன் ஆரம்பித்தது. உள்ளே போனவர்களில் அநேகம் பேர் சினிமாக்காரர்கள். அவர்களுக்கு ஏற்கெனவே ரசிகர்கள் உண்டு, தொழிலில் நாலு பேரைத் தெரியும். வெளியே வந்தால் திரும்பிப் போக ஓர் இடம் இருந்தது. ஜூலியிடம் இருந்தது அந்த ஒரு வீடியோ மட்டும்தான்.

அடுத்து நடந்தது பலருக்கு நினைவிருக்கும். கூடவே உள்ளே இருந்த நடிகை ஓவியா விஷயத்தில் ஜூலி சொன்னது உண்மையில்லை என்று, கேமராவில் பதிவானதை ஒரு 'குறும்படம்' ஆகப் போட்டுக் காட்டினார்கள். பொய் பொய்தான், அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரியே ஆரம்பித்தது வசை. ஓவியா ஆர்மி என்று பெயர் வைத்துக்கொண்டு லட்சக்கணக்கானவர்கள் ஒரு பக்கம். மறுபக்கம், பதில் சொல்லக் கையில் போன்கூட இல்லாமல் உள்ளே அடைபட்டிருக்கும் ஒரு பெண். அவர் நிறத்தைத் திட்டினார்கள், குடும்பத்தைத் திட்டினார்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் கொண்டாடிய அதே ஆட்கள்.

எங்கள் வார்டுக்கும் அது வந்தது. ஊசி போடக் கொஞ்சம் தாமதமானால் நோயாளியோடு வந்த பையன்கள் "என்ன சிஸ்டர், அஞ்சு செகண்டா?" என்று, ஜூலி விவகாரத்தில் அடிபட்ட வார்த்தையை வைத்துக் கேட்டுச் சிரிப்பார்கள். நர்ஸ் என்றால் ஜூலி என்று ஆகிவிட்டது. என் ஜூனியர் ஒருத்தி அந்தக் கிண்டல் தாங்காமல் லினன் ரூமில் போய் அழுதிருக்கிறாள்.

அந்த ஜூனியரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே மாதம் அவள் ஒரு நோயாளிக்கு டெம்பரேச்சர் எடுக்காமலே எடுத்ததாகச் சார்ட்டில் எழுதிவிட்டாள். எங்கள் தொழிலில் அது பெரிய தப்பு. இன்சார்ஜ் சிஸ்டர் கண்டுபிடித்துவிட்டார். அவளை ரூமுக்குள் கூப்பிட்டார், கதவைச் சாத்தினார். அரை மணி நேரம் கழித்து முகம் வீங்க வெளியே வந்தாள். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. மறுநாள் காலை எல்லா டெம்பரேச்சரையும் அவளே எடுத்தாள். இன்றைக்கு ஐசியூவில் எனக்குத் தெரிந்த மிக நல்ல நர்ஸ் அவள்தான். அன்றைக்கு அவள் பொய்யைப் பெரிய திரையில் ஓட்டி, கைதட்ட ஆள் உட்கார்த்தி வைத்திருந்தால் அவள் இந்த வேலையிலேயே இருந்திருக்க மாட்டாள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

இந்த வடிவம் 1999-ல் நெதர்லாந்தில் பிக் பிரதர் என்ற பெயரில் தொடங்கியது. வீட்டைப் பூட்டு, போனை வாங்கு, கடிகாரத்தை எடுத்துவிடு, மூலைக்கு மூலை கேமரா வை. பகலில் யாராவது கண் அசந்தால் நாய் குரைக்கும் சத்தம் போடுவார்கள். வார்டில் அதைப் பார்த்து எல்லோரும் சிரிக்கும்போது எனக்குச் சிரிப்பு வராது. ஐசியூவில் ஜன்னல் இல்லாமல், விளக்கு அணையாமல், தூக்கம் கெட்டுக் கிடக்கும் நோயாளிகள் இரண்டு மூன்று நாளில் குழம்பிப்போவதைப் பார்த்திருக்கிறேன். அமைதியான மனுஷர் கத்துவார், டியூபைப் பிடுங்குவார். அதனால்தான் "ஐயா, இன்னைக்கு செவ்வாய்க்கிழமை, மணி காலை ஏழு" என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் சொல்கிறோம், சுவரில் கடிகாரம் மாட்டுகிறோம். அந்த வீட்டில் இருப்பவர்கள் நோயாளிகள் இல்லைதான். ஆனாலும் நேரம் தெரியாமல், நினைத்தபோது தூங்க முடியாமல், வீட்டாரோடு பேச முடியாமல் வாரக்கணக்கில் இருக்கும் ஒருவர் கத்தினால், அதை அவருடைய 'உண்மை முகம்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படி 24 மணி நேரம் எடுத்ததில் நமக்குக் காட்டுவது விளம்பரத்தோடு சேர்த்து ஒரு மணி, ஒன்றரை மணி. மற்றதெல்லாம் யார் கண்ணிலும் படாமல் போகிறது.

முதல் சீசனிலேயே ஓவியா மன அழுத்தத்தோடு வெளியேறினார். 2019-ல் இன்னொரு போட்டியாளரான நடிகை மதுமிதா கையைக் காயப்படுத்திக்கொண்டு வெளியே வந்தார். நிகழ்ச்சி நிற்கவில்லை. பிரிட்டனில் அதே 2019-ல் ஜெரமி கைல் என்பவர் நடத்திய டிவி நிகழ்ச்சியில் கலந்துகொண்ட ஒருவர் இறந்தபின் அந்த நிகழ்ச்சியையே நிறுத்தினார்கள். நாடாளுமன்றக் குழு விசாரித்தது. கலந்துகொள்பவர்களின் நலனைச் சேனல் கவனிக்க வேண்டும் என்று அங்கே ஒளிபரப்பைக் கண்காணிக்கும் அமைப்பான ஆஃப்காம் கொண்டுவந்த விதி 2021 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. இங்கேயும் அப்படி ஒரு விதி வேண்டும், நிகழ்ச்சி முடிந்த பிறகும் சில மாதங்கள் மனநல மருத்துவரைச் சேனல் செலவில் பார்க்க வழி வேண்டும் என்பதுதான் நான் கேட்பது. மூடிவிடச் சொல்லவில்லை.

"தெரிந்துதானே போகிறார்கள், பணம் வாங்குகிறார்களே" என்பார்கள். தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸுக்கு என்ன சம்பளம் என்று தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 2022-ல் இதன் ஓடிடி பதிப்பான பிக் பாஸ் அல்டிமேட்டுக்கு ஜூலி மறுபடியும் போனார். பெயரைத் தொலைத்த இடத்திலேயே போய்த் தேடுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. தேடுவதற்கு வேறு இடம் எதை நாம் விட்டுவைத்தோம்?

போன சீசன் சமயத்தில் இடுப்பு எலும்பு முறிந்த ஒரு பாட்டி எங்கள் வார்டில் இருந்தார். சாப்பாட்டுச் சண்டையில் ஒரு பெண் தட்டை வைத்துவிட்டு எழுந்து போன காட்சி ஓடியது. பேரன்கள் போனில் யாரையோ திட்டி டைப் செய்துகொண்டிருந்தார்கள். நான் பிபி பட்டையைச் சுற்றும்போது பாட்டி என் கையைப் பிடித்து, "ஏம்மா, அந்தப் புள்ள அப்புறம் சாப்பிட்டுச்சா?" என்று கேட்டார்.

"சாப்பிட்டிருப்பாங்க பாட்டி" என்றேன். எனக்கும் தெரியாது. அதைக் காட்டவில்லை.