அப்பாவுக்குப் போட்ட மெயிலில் சி.சி. எதற்கு?

கேள்வி: திருப்பூரில் எங்களுக்கு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி. 1991-ல் ஆறு மெஷினோடு அப்பா ஆரம்பித்தது. நாலு வருடமாக நான் பார்க்கிறேன். அப்பா இன்னமும் பையரின் ஏஜெண்டிடம் போனிலேயே விலையும் தேதியும் பேசி முடித்துவிடுகிறார். போன மாதம் அப்படி ஒப்புக்கொண்ட ஷிப்மென்ட் தேதி எனக்குத் தெரியாமலே போய், கப்பலில் போக வேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்பி பெரிய நஷ்டம். அன்று ராத்திரி மாடியில் என் அறையிலிருந்தே, 'இனிமேல் எல்லாப் பேச்சும் மெயில் வழியாகத்தான்' என்று அவருக்கு மெயில் போட்டேன். வழக்கம்போல ஆர்டர் வேலைகளைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரையும், அப்பா காலத்து அக்கவுண்டண்டையும் சி.சி.யில் வைத்தேன். மூன்று வாரமாக அப்பா ஆபீஸுக்கு வரவில்லை. வீட்டிலும் என்னோடு பேசுவதில்லை. காலம் மாறிவிட்டதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: காலம் மாறியது உங்கள் அப்பாவுக்கு உங்களைவிட நன்றாகவே தெரியும், தம்பி. ஃபேக்ஸில் வந்த ஆர்டர் மங்கிப்போகும் முன் ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் வைத்த தலைமுறை அது. ஐ.எஸ்.டி. பில்லுக்குப் பயந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பையரிடம் பேசியவர்கள். 1995 ஆகஸ்ட் 15-ல் அன்றைய அரசு நிறுவனம் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. அப்புறம் தொழில் கொஞ்சம் கொஞ்சமாக மெயிலுக்கு மாறியபோது அந்தக் கம்பெனியை நடத்திக்கொண்டிருந்தவரும் அவர்தான். அவருக்கு நீங்கள் காலத்தைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் 'வழக்கம்போல' என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

சி.சி. என்றால் கார்பன் காப்பி. நாங்கள் டைப்ரைட்டரில் இரண்டு தாளுக்கு நடுவே கார்பன் வைத்து அடித்தவர்கள். மூன்றாவது நகலிலும் எழுத்து விழ வேண்டுமானால் ஓங்கி அடிக்க வேண்டும். ஒரு எழுத்து பிசகினால் ஒவ்வொரு நகலிலும் தனித்தனியாக அழித்துத் திருத்த வேண்டும். அதனால், 'இந்த நகல் யாருக்கு, எதற்கு' என்று யோசிக்காமல் கூடுதலாக ஒரு தாளைச் செருக மாட்டோம். இப்போது பெயரில் இரண்டு எழுத்து தட்டினால் போதும், மீதியை அதுவே நிரப்பிக்கொள்கிறது. கை வலித்தபோது வந்த யோசனை, வலி போனதும் போய்விட்டது.

தொழிலில் நகல் என்பது சாட்சி. டையிங் யூனிட்டுக்கோ ஏஜெண்டுக்கோ எழுதும்போது நாலு பேரைச் சேர்ப்பது, நாளைக்குத் தகராறு வந்தால் 'அன்றைக்கே எழுதினேனே' என்று காட்டத்தான். 2000-ம் வருடத் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் மின்னணுப் பதிவை ஏற்றுக்கொள்கிறது. எல்லாம் சரி. ஆனால் பெற்ற அப்பாவுக்கு எதிராக உங்களுக்கு எதற்குச் சாட்சி? எந்தக் கோர்ட்டுக்குப் போகப் போகிறீர்கள்?

அந்த அக்கவுண்டண்டை நினைத்துப் பாருங்கள். உங்கள் அப்பா நிமிர்ந்து பார்க்கும் வரை கையில் செக் புத்தகத்தோடு மேஜை ஓரத்தில் நின்றிருப்பார். முதலாளியை மகன் கண்டிக்கும் கடிதத்தை நீங்கள் அவருக்கு அனுப்பியிருக்கிறீர்கள். மறுநாள் அப்பா எந்த முகத்தோடு அவரிடம் வவுச்சர் கேட்பார்? மூன்று வாரமாக அவர் ஆபீஸுக்கு வராததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அதே வார்த்தைகளைப் படி இறங்கி வந்து நேரில் கத்தியிருந்தால், அவரும் பதிலுக்குக் கத்தியிருப்பார். அம்மா நடுவில் வந்திருப்பார். சாப்பாட்டு நேரத்துக்குள் பாதி ஆறியிருக்கும். மெயில் ஆறாது. ராத்திரி தூக்கம் வராமல் போனைத் திறந்தால் அதே சூட்டில் அப்படியே இருக்கும். ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்ப இழுக்க அதிகபட்சம் 30 விநாடிதான் கிடைக்கும். உங்களுக்கு மூன்று வாரம் ஆகியும் அந்த எண்ணமே வரவில்லை. அப்பாவின் தப்பை அப்பாவிடம் சொல்ல மகனுக்கு உரிமை உண்டு. சம்பளம் வாங்குகிறவர்கள் முன்னால் சொல்ல உரிமை கிடையாது. இதில் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தேதியும் விலையும் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் அந்த ஏஜெண்ட் அப்பாவைக் கூப்பிடுவது அவர் வாக்கை நம்பி. அந்த நம்பிக்கை உங்கள் மெயில் ஐ.டி.க்கு இன்னும் வரவில்லை. அவர் பேசட்டும். போனை வைத்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, 'போனில் பேசியபடி இத்தனை பீஸ், இந்த விலை, இந்தத் தேதி' என்று நீங்கள் எழுதுங்கள். தமிழில் அவருக்கு ஒருமுறை சொல்லிவிட்டு, அவர் பெயரிலேயே ஏஜெண்டுக்கு அனுப்புங்கள். அந்த மெயிலில் மெர்ச்சண்டைசர் சி.சி.யில் இருப்பதுதான் முறை.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது இருக்கிறது. மன்னிப்பை மெயிலில் எழுதாதீர்கள், வாட்ஸ்அப்பிலும் வேண்டாம். அம்மாவைத் தூது அனுப்பாதீர்கள். இன்றைக்கே கீழே இறங்கிப் போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். விமானச் செலவைப் பற்றிப் பேச்சே எடுக்காமல், 'அந்த ரெண்டு பேரைச் சேர்த்தது என் தப்புப்பா' என்று மட்டும் சொல்லுங்கள். அவர் பதில் பேசாவிட்டாலும் எழுந்து போகாதீர்கள்.

நாளைக் காலையில் ஆபீஸில் அந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு, அந்த மெயிலை அப்படி அனுப்பியிருக்கக் கூடாது என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அப்பா ஆபீஸுக்குத் திரும்ப வருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். உள்ளே நுழைந்ததும் அவர் முதலில் பார்க்கப்போவது அந்த இரண்டு பேரின் முகத்தைத்தான்.