கணினி கேள்வி-பதில்: ஆன்ட்டிவைரஸ் வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். வினாத்தாள்களைத் தட்டச்சு செய்து, பென் டிரைவில் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோவது வழக்கம். போன வாரம் அந்தப் பென் டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டன. கணினி வாங்கிய கடையில், பணம் கொடுத்து ஆன்ட்டிவைரஸ் போட்டே ஆகவேண்டும் என்கிறார்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதே போதும் என்கிறான் தம்பி. என்னுடையது விண்டோஸ் 11. எதை நம்பலாம்?
– டியூஷன் ஆசிரியை, காரைக்குடி

பதில்: முதலில் உங்கள் வினாத்தாள்கள். பெரும்பாலும் அவை அழிந்திருக்காது. இந்த வகை வைரஸ் உண்மையான ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்டுகளை வைக்கிறது. ஷார்ட்கட்டைத் திறந்தால் ஃபோல்டரும் திறக்கும், கூடவே வைரஸும் இயங்கும். பலருக்குச் சந்தேகமே வராததற்கு இதுதான் காரணம். எனவே எதையும் திறக்காமல், பென் டிரைவின் மீது வலது கிளிக் செய்து டிஃபெண்டரில் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு, மறைந்துள்ள கோப்புகளையும் சிஸ்டம் கோப்புகளையும் காட்டும்படி அமைப்பை மாற்றினால் ஃபோல்டர்கள் தென்படும். வேண்டியதை நகலெடுத்துக்கொண்டு பென் டிரைவை ஃபார்மேட் செய்துவிடுங்கள். கணினியையும் ஒருமுறை முழுமையாக ஸ்கேன் செய்வது அவசியம்.

நான் சொன்ன டிஃபெண்டர், விண்டோஸுடனே வரும் ஆன்ட்டிவைரஸ். உங்களுக்கு அதுவே போதும் என்று உறுதியாகச் சொல்வேன். ஜெர்மனியின் மக்டபர்க் நகரிலுள்ள ஏவி-டெஸ்ட் ஆய்வகம், பாதுகாப்பு, வேகம், பயன்பாடு மூன்றுக்கும் தலா 6 மதிப்பெண் வைத்துச் சோதிக்கிறது. அதில் டிஃபெண்டர் பலமுறை 18க்கு 18 வாங்கியிருக்கிறது. குழந்தைகளுக்கான கட்டுப்பாடுகள், தொலைபேசி உதவி போன்றவை வேண்டுமென்றால் விலை கொடுத்து வாங்குங்கள்; தவறில்லை. ஆனால் கடைக்காரர் சொல்வதை மட்டும் கேட்காமல், ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் இரண்டின் அண்மைக்கால முடிவுகளையும் பாருங்கள்.

உங்கள் தம்பியிடமும் ஒன்று சொல்லவேண்டும். இலவசம் தருபவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது நல்லது. பயனர்கள் எந்தெந்தத் தளங்களைப் பார்த்தார்கள் என்ற விவரத்தை விற்றதற்காக, 2024இல் இலவச ஆன்ட்டிவைரஸ் தரும் அவாஸ்ட் நிறுவனம் 1.65 கோடி டாலர் செலுத்தவேண்டுமென அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்தது.

கணினியுடன் ஏதாவது 'டிரயல்' ஆன்ட்டிவைரஸ் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பலர் கோட்டைவிடும் இடம் இது. அது இயங்கும்போது டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும். கெடு முடிந்ததும் அதை நீக்கிவிட்டால் டிஃபெண்டர் தானாகவே வேலைக்கு வந்துவிடும். இரண்டு ஆன்ட்டிவைரஸ்களை ஒரே கணினியில் போடவே வேண்டாம்.

விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் 2017 மே மாதம் உலகெங்கும் பரவியது. அது பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டையை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே அடைத்திருந்தது. அந்த அப்டேட்டைப் போடாத கணினிகள்தான் மாட்டிக்கொண்டன. இலவச 'கிராக்' மென்பொருளுக்காக (பணம் கட்டாமல் ஓடும்படி திருட்டுத்தனமாக மாற்றியது) ஆன்ட்டிவைரஸை அணைக்கச் சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இனி வினாத்தாளைப் பிடிஎஃப் ஆக்கி, ஜெராக்ஸ் கடைக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். பென் டிரைவ்தான் வேண்டும் என்று கடையில் சொன்னால், அதற்கென்று ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு, அன்றைய வினாத்தாளை மட்டும் அதில் ஏற்றுங்கள்.