பைல் இறங்கவில்லையா, இறங்கியும் திறக்கவில்லையா?

கேள்வி: தென்காசிப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பம், சான்றிதழ், ஹால் டிக்கெட் எடுத்துக் கொடுப்பதில்தான் பாதி வருமானம். இரண்டு கம்ப்யூட்டர், இரண்டிலும் விண்டோஸ் 10, குரோம். டவுன்லோட் பெரிய தலைவலியாக இருக்கிறது சார். சில நேரம் பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடப்பதில்லை. சில பைல் முக்கால்வாசி வந்து நின்றுவிடும். சிலது முழுதாக வந்தும் திறக்க மாட்டேன் என்கிறது. குரோமை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன், கேஷ் அழித்தேன், ஒருமுறை ஃபார்மட்டே அடித்தாயிற்று. போன வாரம் கல்யாண வீடியோவைப் பென் டிரைவில் இறக்கித் தரச் சொன்னவர் மூன்று மணி நேரம் காத்திருந்து வெறுங்கையோடு போனார். என்னதான் செய்வது?

பதில்: ஃபார்மட் அடித்து வீணான அந்த அரை நாளை நினைத்தால்தான் வருத்தம். ‘டவுன்லோட் ஆகவில்லை’ என்று ஒரே பெயரில் நீங்கள் சொல்வது நான்கு வேறு வேறு கோளாறுகள். ஒன்றின் மருந்து இன்னொன்றுக்குக் கேட்காது. இனி எந்தப் பைல் சண்டித்தனம் செய்தாலும் முதலில் கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு ‘ஜே’ விசையைத் தட்டுங்கள். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் டவுன்லோட் பட்டியல் திறக்கும். பைலின் பெயர் அதில் இருக்கிறதா? இருந்தால், ஃபோல்டரில் போய்ப் பார்த்தால் எத்தனை கேபி காட்டுகிறது? இந்த இரண்டும் தெரிந்தால் பாதி நோய் பிடிபட்டுவிடும்.

பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை என்கிறீர்களே, அதில் பல தடவை பைல் வந்தே இருக்கும். முன்பு குரோமில் அடியில் ஒரு பட்டை எழும்பி, வந்த பைலைக் காட்டும். 2023-ல் அதை எடுத்துவிட்டு மேலே வலப்பக்கம் ஒரு சின்ன அம்புக்குறியாக்கிவிட்டார்கள். பழகிய கண் அடியிலேயே பார்த்துக்கொண்டிருக்கும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். ஒரே ஹால் டிக்கெட் அடைப்புக்குறிக்குள் 1, 2, 3 என்று நான்கு பிரதி கிடந்தால் கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை.

பட்டியலிலும் பெயர் இல்லை என்றால் முகவரிப் பட்டையின் வலது ஓரத்தைப் பாருங்கள். சான்றிதழ் தரும் தளங்களில் பல, பிடிஎஃப்பைப் புதிய சன்னலில் திறக்கும்படி எழுதப்பட்டவை. குரோம் அதைப் பாப்-அப் விளம்பரம் என்று நினைத்துத் தடுத்துவிட்டு, ஓரத்தில் ஒரு குட்டி அடையாளத்தை மட்டும் வைக்கும். அதைச் சொடுக்கி அந்தத் தளத்துக்கு மட்டும் நிரந்தர அனுமதி கொடுங்கள். எல்லாத் தளத்துக்கும் சேர்த்துத் திறந்துவிட வேண்டாம், பிறகு சூதாட்ட விளம்பரம் கடைக்குள் வந்து உட்காரும்.

இன்னொரு தடையும் உண்டு. பக்கம் பூட்டுப் போட்ட பாதுகாப்பான இணைப்பில் இருக்கும். பைலை மட்டும் பழைய, பூட்டில்லாத இணைப்பிலிருந்து எடுக்கச் சொல்லும். 2020-லிருந்து குரோம் இந்தக் கலப்படத்தைப் படிப்படியாகத் தடுக்கத் தொடங்கியது. அப்போது பட்டியலில் பெயர் தெரியும், பக்கத்தில் ‘பாதுகாப்பற்ற டவுன்லோட்’ என்ற எச்சரிக்கையும் இருக்கும். தளம் நம்பகமானது, பைல் பிடிஎஃப்தான் என்று தெரிந்தால் ‘கீப்’ கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். இயக்கக்கூடிய புரோகிராம் என்றால் நான் தொடமாட்டேன்.

அடுத்தது பாதியில் நிற்பது. இங்கே குரோம் காட்டும் வாசகத்தைப் படித்துவிடுங்கள், காரணம் அதிலேயே இருக்கும். ‘நெட்வொர்க் எர்ரர்’ என்றால் இணைப்பு வழியில் அறுந்தது. ‘ஃபார்பிடன்’ என்றால் சர்வர், அதாவது பைலை அனுப்பும் தளத்தின் கம்ப்யூட்டர், தர மறுத்தது. ‘டிஸ்க் ஃபுல்’ விளக்கம் வேண்டாம். ‘வைரஸ் ஸ்கேன் ஃபெயில்டு’ என்றால் ஆன்டிவைரஸ் குறுக்கே நிற்கிறது.

இணைப்பு அறுந்தால் ‘ரெஸ்யூம்’ அழுத்துவீர்கள். சில தடவை விட்ட இடத்திலிருந்து தொடரும், சில தடவை முதலிலிருந்து வரும். இதை முடிவுசெய்வது உங்கள் கம்ப்யூட்டர் அல்ல, சர்வர். ‘இத்தனையாவது பைட்டிலிருந்து கொடு’ என்று பிரவுசர் கேட்கும். அந்த வசதியுள்ள சர்வர் 206 என்ற குறியீட்டோடு மிச்சத்தை மட்டும் அனுப்பும். இல்லாத சர்வர் 200 என்று சொல்லி முழுப் பைலையும் முதலிலிருந்து தள்ளும். சான்றிதழ்த் தளங்களில் பல, கேட்ட நேரத்தில் பிடிஎஃப்பைத் தயாரித்து அனுப்புபவை. அங்கே விட்ட இடம் என்று ஒன்று இருப்பதில்லை. பெரும்பாலும் சிறிய பைல்தான், மறுபடி முதலிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

இணைப்பு ஏன் அறுகிறது என்பதற்குக் கடைகளில் நான் அதிகம் பார்த்த காரணம் சிரிப்பாக இருக்கும். கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் இருக்கும், ஃபைபர் மோடத்துக்கு இருக்காது. கரண்ட் ஒரு நொடி போய் வந்தால் திரை அசையாது, ஆனால் மோடம் அணைந்து எழுந்து மறுபடி லைன் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். நீங்கள் குரோமைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். மோடத்தின் பிளக்கை யுபிஎஸ்ஸுக்கு மாற்றிவிட்டு ஒரு வாரம் பாருங்கள்.

டவுன்லோட் மேனேஜர் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பெரிய பைலுக்கு உதவும்தான். ஆனால் கிராக் செய்த மேனேஜரை எவனோ கொடுத்த பென் டிரைவிலிருந்து ஏற்றாதீர்கள். நாள் முழுக்க ஊராரின் ஆதார் எண்ணும் ஓடிபியும் புழங்கும் கம்ப்யூட்டர் அது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பைல் வந்தது, திறக்கவில்லை. 400 கேபி வரவேண்டிய சான்றிதழ் 3 கேபிதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெயர் பிடிஎஃப் என்று முடிகிறது, பிடிஎஃப் ரீடரோ ‘பைல் சேதமடைந்துள்ளது’ என்கிறது. சேதம் ஒன்றும் இல்லை, அது பிடிஎஃப்பே இல்லை. வலது பக்கம் சொடுக்கி நோட்பேடில் திறந்து பாருங்கள். உண்மையான பிடிஎஃப் என்றால் முதல் வரியே சதவீதக் குறியும் அதை ஒட்டி பிடிஎஃப் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுமாகத் தொடங்கும். ஜிப் பைல் பி, கே என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும். 1989-ல் அந்த வடிவத்தைக் கொண்டுவந்த ஃபில் கேட்ஸின் தலைப்பெழுத்துகள் அவை. இன்றைய வேர்டு, எக்செல் பைல்களும் உள்ளுக்குள் ஜிப்தான், அவையும் அப்படியே தொடங்கும். உங்கள் 3 கேபி பைல் கோண அடைப்புக்குறியில் தொடங்கி எச்டிஎம்எல் என்று போனால், வந்திருப்பது ஒரு வலைப்பக்கம். கொஞ்சம் கீழே படித்தால் ‘செஷன் முடிந்துவிட்டது, மீண்டும் லாகின் செய்யவும்’ என்ற வாசகமே கிடைக்கலாம். சான்றிதழ் கேட்ட இடத்தில் சர்வர் லாகின் பக்கத்தைக் கொடுத்திருக்கிறது. பிரவுசர் அதற்குச் சான்றிதழின் பெயரை வைத்துச் சேமித்திருக்கிறது.

உங்கள் கடையில் இது அடிக்கடி நடக்கிறது என்றால் ஒரு பழக்கத்தைத்தான் சந்தேகப்படுவேன். வரிசையில் நிற்கும் இரண்டு பேருக்கு ஒரே தளத்தை இரண்டு டேபில் திறந்து வைக்கிறீர்களா? லாகின் செய்தவர் யார் என்று நினைவில் வைக்கத் தளம் பிரவுசரில் போட்டுவைக்கும் அடையாளச் சீட்டுதான் குக்கி. டேப் இரண்டானாலும் குக்கி ஒன்றுதான். இரண்டாமவர் லாகின் செய்த நொடியில் முதலாமவரின் செஷன் செத்துவிடும். திரையில் அவர் பெயர் அப்படியே இருக்கும், பட்டனும் வேலை செய்வதுபோலவே இருக்கும், வருவது மட்டும் 3 கேபி. இதைவிட மோசமாக, தளம் சரியாக எழுதப்படாவிட்டால் ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் சான்றிதழ் வந்து நிற்கும். இன்காக்னிட்டோ சன்னல் இரண்டு திறந்தாலும் தப்பிக்க முடியாது, திறந்திருக்கும் இன்காக்னிட்டோ சன்னல்கள் எல்லாம் ஒரே குக்கியைத்தான் பகிர்ந்துகொள்ளும். ஒருவருக்குக் குரோம், இன்னொருவருக்கு எட்ஜ் என்று பிரித்துவிடுங்கள். மூன்றாவது ஆள் வந்தால் ஃபயர்ஃபாக்ஸ்.

அளவு கிட்டத்தட்டச் சரியாக இருந்தும் திறக்காத பைல் வேறு கதை. பெயரின் கடைசியில் ‘சிஆர்டவுன்லோட்’ என்று இருந்தால் குரோம் இன்னும் முடிக்கவில்லை என்று அர்த்தம். ஃபயர்ஃபாக்ஸில் ‘பார்ட்’ என்றிருக்கும். அந்த வாலை வெட்டிவிட்டுப் பிடிஎஃப் என்று பெயர் மாற்றுகிறவர்கள் உண்டு, பயனில்லை. எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் பிடிஎஃப்பில் பைலின் கடைசியில்தான் இருக்கும். ஜிப்பும் அப்படியே. 99 சதவீதம் வந்து ஒரு சதவீதம் குறைந்தாலும் போவது அந்தப் பட்டியல்தான். போட்டோ மட்டும் கொஞ்சம் தாராளம்: பாதி வந்தால் மேல்பாதி முகம் தெரியும், கீழே சாம்பல் நிறம்.

பைலின் பெயரில் வால் எழுத்தே இல்லாமல், வெறும் ‘டவுன்லோட்’ என்றோ ‘பிஎச்பி’ என்று முடிந்தோ வந்தாலும் பயப்பட வேண்டாம். நோட்பேட் சோதனையில் பிடிஎஃப் என்று தெரிந்தால் பெயரின் கடைசியில் நீங்களே புள்ளி வைத்துப் பிடிஎஃப் என்று சேர்த்துவிடுங்கள். அதற்கு முன் எக்ஸ்ப்ளோரரில் ‘வியூ’ போய் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ பெட்டியில் டிக் போட்டிருக்க வேண்டும். விண்டோஸ் இதை மறைத்தே தருவது ஏன் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

தமிழில் பெயர் வைத்த பைல்களுக்குத் தனிச் சோதனை உண்டு. சில தளங்களிலிருந்து இறக்கினால் பெயர் முழுக்கச் சதவீதக் குறியும் எண்ணுமாக நீண்டு கிடக்கும். அது வைரஸ் இல்லை. ‘தமிழ்’ என்ற சொல், எல்லா மொழி எழுத்துக்கும் எண் தரும் யூனிகோடில் ஐந்து குறியீடு, அதைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 15 பைட், இணைய முகவரியில் எழுதும்போது 45 எழுத்து. திரும்பத் தமிழாக்காமல் விட்ட பெயர்தான் அப்படி நிற்கிறது. பெயரை மாற்றினால் போதும். ஆனால் ஆண்ட்ராய்டு போனில் ஒரு பைல் பெயர் பொதுவாக 255 பைட்டைத் தாண்டக் கூடாது. தமிழில் அது சுமார் 85 குறியீடு. ‘வருவாய்த் துறை அலுவலர் அவர்களுக்கு’ என்று தொடங்கிக் கடிதத்தின் முதல் பத்தி முழுவதையும் பெயராக வைத்தால் போனில் சேமிக்க மறுக்கலாம். சின்னப் பெயராக வையுங்கள்.

திறக்கும்போது பாஸ்வேர்டு கேட்கும் இ-ஆதாரையும் கோளாறுக் கணக்கில் சேர்த்து ‘பைல் லாக் ஆகிவிட்டது’ என்று மறுபடி மறுபடி இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆதாரில் உள்ளபடி பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்து, அதோடு பிறந்த ஆண்டு, ஆக எட்டு எழுத்து. உள்ளே கையொப்பத்தின் மேல் கேள்விக்குறி தெரிந்தால் அதுவும் டவுன்லோட் தவறில்லை, உங்கள் பிடிஎஃப் ரீடர் அந்தக் கையொப்பத்தை இன்னும் சரிபார்க்கவில்லை, அவ்வளவுதான்.

போனில் எடுப்பவர்களுக்கு ஒரே வரி: வேறு ஆப்புக்குள் வந்த லிங்க்கை அந்த ஆப் தன் சொந்தச் சன்னலிலேயே திறந்தால் டவுன்லோட் பல தடவை ஊமையாகிவிடும். மூன்று புள்ளியைத் தொட்டுக் குரோமில் திறக்கச் சொல்லுங்கள்.

இனிக் கல்யாண வீடியோ. அளவை நீங்கள் எழுதவில்லை, ஆனால் முழுநாள் கல்யாணம் 4 ஜிபிக்குக் குறையாது என்பதால் ஊகிக்கிறேன். 32 ஜிபி வரையிலான பென் டிரைவ்கள் பொதுவாக ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகி வரும். அந்த முறையில் ஒரு பைல் 4 ஜிபியைத் தொட முடியாது. டிரைவில் 28 ஜிபி காலியாக இருந்தாலும் சரி, 4 ஜிபி வந்ததும் முட்டி நிற்கும். ‘இடம் இருக்கே, ஏன் நிற்குது’ என்று குழம்புவது இதனால்தான். டிரைவின் மேல் வலது சொடுக்கி ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பார்த்தால் எந்த முறை என்று தெரியும். உள்ளே இருப்பதை எடுத்து வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் முறையில் மறுபடி ஃபார்மட் செய்தால் தடை நீங்கும். (ஆமாம், இங்கே ஃபார்மட் பலிக்கும்.) ஆனால் பழைய டிவிகள் சில எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது. அதனால் வாடிக்கையாளரிடம் டிவியில் போட்டுப் பார்க்கவா, கம்ப்யூட்டரிலா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். டிவி என்றால் ஸ்டூடியோக்காரரிடம் வீடியோவை 4 ஜிபிக்கு உட்பட்ட துண்டுகளாகக் கேட்டு வாங்குவது நல்லது.

எப்படியானாலும் நேரடியாகப் பென் டிரைவில் இறக்காதீர்கள். கம்ப்யூட்டரின் டிஸ்க்கில் இறக்கி, ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு காப்பி செய்யுங்கள். நேரத்தையும் முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்லலாம். உங்கள் இணைப்பு 10 எம்பிபிஎஸ் என்றால் அது பிட் கணக்கு. எட்டால் வகுத்தால் நொடிக்கு 1.25 எம்பி. 6 ஜிபி வீடியோவுக்கு 80 நிமிடம், அதுவும் கடையில் வேறு யாரும் இணையத்தைத் தொடாவிட்டால். ‘சாயங்காலம் வாங்கண்ணே’ என்று அனுப்பிவிடலாம். வீடியோ கூகுள் டிரைவில் இருந்தால், 100 எம்பிக்கு மேற்பட்ட பைலை வைரஸ் சோதனை செய்ய முடியாது என்று ஒரு பக்கம் வரும். அது பிழைச் செய்தி இல்லை. ‘டவுன்லோட் எனிவே’ அழுத்தினால்தான் இறங்கத் தொடங்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று. பட்டியலைப் பார்க்கச் சொன்னேனே, அந்த டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இப்போது எத்தனை பேருடைய ஆதாரும் சாதிச் சான்றிதழும் கிடக்கின்றன? குரோம் செட்டிங்ஸில் டவுன்லோட்ஸ் பகுதிக்குப் போய், ஒவ்வொரு பைலையும் எங்கே சேமிக்க என்று கேட்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய தேதியில் ஒரு ஃபோல்டர் போட்டு எல்லாவற்றையும் அதில் சேமித்து, ஷட்டர் இறக்குமுன் ஷிஃப்ட்டும் டெலீட்டும் சேர்த்து அழுத்தி அழித்துவிடுங்கள். வெறும் டெலீட் ரீசைக்கிள் பின்னில்தான் கொண்டுபோய்ப் போடும். நாளைக்கே வந்து ‘நேற்று எடுத்தது இருக்கா’ என்று யாராவது கேட்பார்கள்தான். மறுபடி ஓடிபி வாங்கி எடுத்துக் கொடுங்கள்.