தட்டு போல நிற்கும் பாவாடை – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

என் மகள் ஏழாவது படிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே பரதம் கற்றுக்கொள்கிறாள். விடுமுறையில் வீட்டில் எல்லோருமாக யூடியூபில் ‘ஸ்வான் லேக்’ என்ற மேற்கத்திய பாலே நடனம் பார்த்தோம், மறுநாள் ‘கிஸெல்’ என்ற இன்னொரு பாலே. இரண்டிலும் வெள்ளை உடைதான். ஆனால் ஒன்றில் பாவாடை கணுக்கால் பக்கம் வரை இறங்குகிறது, இன்னொன்றில் இடுப்பைச் சுற்றித் தட்டு மாதிரி நிற்கிறது. ஏன் என்று மகள் கேட்டாள். “பார்க்க வந்த ஆம்பளைங்களுக்காக வெட்டிக்கிட்டே போயிருப்பாங்க, வேறென்ன” என்றார் என் மாமியார். அது மட்டுமே காரணமாக இருக்காது என்று எனக்குத் தோன்றியது, பதில் சொல்லத்தான் தெரியவில்லை. இன்னொன்று: பள்ளி ஆண்டுவிழாவில் இந்த உடையில் ஒரு நடனம் வைத்திருக்கிறார்கள். கேன்கேன் நெட் வைத்துத் தைத்துத் தருகிறோம் என்கிறார் தையற்கடைக்காரர். சரிவருமா?

எஸ்., கோவை
(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள எஸ்.,

மகளின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். டூட்டூ என்கிற அந்தப் பாவாடை குட்டையாகிக்கொண்டே வந்ததற்கு முதல் காரணம் கால். பாலேயில் கால் புதிதாக ஒன்றைச் செய்ய ஆரம்பித்த ஒவ்வொரு முறையும் துணி அதற்கு வழிவிட்டிருக்கிறது.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் மேடையில் பெண்கள் தரையைத் தொடும் கனத்த உடையோடுதான் ஆடினார்கள். எம்பிக் குதித்து அந்தரத்தில் பாதங்களை மாற்றி மாற்றிப் பின்னுவது ஆண்களின் வித்தையாக இருந்தது. மரி கமார்கோ அதைத் தானும் செய்தார். செய்தது கண்ணில் பட வேண்டுமே, அதற்காகப் பாவாடையைச் சற்று மேலே ஏற்றினார். அதுவே அன்றைக்குப் பெரிய பேச்சானது.

நீங்கள் கிஸெலில் பார்த்த நீளப் பாவாடை 1832 மார்ச் 12 அன்று பாரிஸ் ஆப்பராவில் மேடையேறிய ‘லா சில்ஃபீட்’டோடு நிலைபெற்றது. மரி தாக்லியோனி அதில் மனிதன் கைக்கு அகப்படாத ஒரு வனதேவதையாக வந்தார். நுனிக்காலில் நிற்பதை அவருக்கு முன்பும் சிலர் செய்திருந்தார்கள். அதைச் சாகசமாகக் காட்டாமல், உடம்புக்கு எடையே இல்லை என்று நம்பவைப்பதற்குப் பயன்படுத்தியவர் அவர். அந்த மாயத்துக்கு ஒத்தாசையாக இரண்டு புதுச் சரக்குகள் இருந்தன. ஒன்று, இயந்திரத்தில் நெய்த மெல்லிய வலைத்துணி. ஜான் ஹீத்கோட் என்ற ஆங்கிலேயர் அதற்கான இயந்திரத்தை 1808-09 வாக்கில் செய்து முடித்திருந்தார். இன்னொன்று, மேடைக்குள் வந்திருந்த எரிவாயு விளக்கு. மங்கலான நிலவொளி போன்ற அந்த வெளிச்சம் அடுக்கடுக்கான வெள்ளைத் துணிக்குள் புகுந்து பரவும்போது ஆடுபவர் பாதி ஆவியாகத் தெரிவார். 1841இல் வந்த கிஸெலின் இரண்டாம் அங்கம், கல்யாணத்துக்கு முன்பே இறந்துபோன பெண்களின் ஆவிகள் நள்ளிரவில் ஆடுவது. அதற்கு இதைவிடப் பொருத்தமான உடை கிடையாது, இன்றைக்கும் மாற்றாமல்தான் வைத்திருக்கிறார்கள்.

அந்தத் துணியும் மேடை விளக்கும் சேர்ந்து உயிர்களையும் வாங்கின. இதைச் சொல்லாமல் டூட்டூவின் அழகைப் பேச எனக்கு மனம் வருவதில்லை. 1844இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் கிளாரா வெப்ஸ்டர் ஆடிக்கொண்டிருந்தபோது உடையில் தீப்பிடித்து, சில நாளில் இறந்தார். பாரிஸில் எம்மா லிவ்ரி இருந்தார், தாக்லியோனியே தேடிவந்து பயிற்சி கொடுத்த மாணவி. 1862 நவம்பரில் ஓர் ஒத்திகை. தன் முறைக்காகக் காத்திருந்தவர், கசங்கியிருந்த பாவாடையை உதறிவிட்டார். அந்தக் காற்றில் பக்கத்து விளக்கின் சுடர் துணிக்குத் தாவியது. எட்டு மாதம் வேதனைப்பட்டு 1863 ஜூலையில் இறந்தார். இருபது வயது. கருகி மிஞ்சிய துணித்துண்டுகள் பாரிஸ் ஆப்பராவின் நூலக-அருங்காட்சியகத்தில் இன்னும் இருக்கின்றன.

இத்தனைக்கும் தீப்பிடிக்காத துணி அப்போதே வந்துவிட்டது. மேடை உடைகளைப் படிகாரம் போன்ற உப்புகள் கலந்த கரைசலில் முக்கியெடுக்க வேண்டும் என்று 1859இல் பிரான்சில் அரசாணையே போட்டிருந்தார்கள். ஆனால் அப்படி முக்கியெடுத்த துணி விறைத்து, வெண்மை மங்கிவிடும். லிவ்ரி அதை உடுத்த மாட்டேன் என்று எழுத்திலேயே மறுத்திருந்தார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. எடையற்றுத் தெரிவதுதான் அவர் வேலை. அந்தத் துணியில் அந்த வேலை நடக்காது.

அதனால் ஆண்டுவிழா விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். பட்டுப்பாவாடை விறைப்பாக நிற்க அடியில் வைத்துத் தைக்கும் அதே கேன்கேன் நெட் தாராளமாகப் போதும், வடிவம் நன்றாக வரும். ஆனால் கடையில் கிடைப்பது பெரும்பாலும் நைலான் அல்லது பாலியெஸ்டர். எரிந்தால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். மேடை ஓரத்தில் குத்துவிளக்கு ஏற்றி வைத்திருந்தால், நடனம் தொடங்கும் முன் அதை அணைக்கவோ தள்ளி வைக்கவோ ஆசிரியர்களிடம் சொல்லிவிடுங்கள். தயங்க வேண்டாம்.

சரி, மாமியாருக்கு வருவோம். அவர் சந்தேகம் ஆதாரமில்லாதது அல்ல. 19ஆம் நூற்றாண்டு பாரிஸ் ஆப்பராவில் ஆண்டுச் சந்தா கட்டிய பணக்கார ஆண்களுக்கு, நடனப் பெண்கள் உடம்பைத் தயார்செய்யும் கூடத்துக்குள்ளேயே போய்வர அனுமதி இருந்தது. அந்தப் பெண்களில் பலர் ஏழைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். தெகாவின் ஓவியங்களில் மேடைத் திரையோரம் கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியுமாக நிற்கிறார்களே, அவர்கள்தான். 1881இல் அவர் காட்சிக்கு வைத்த பதினான்கு வயது நடனச் சிறுமியின் மெழுகுச் சிலைக்கு நிஜத் துணியிலேயே பாவாடை கட்டியிருந்தார். அதற்கு மாதிரியாக நின்ற மரி வான் கூத்தெம் ஒரு சலவைத் தொழிலாளியின் மகள். எனவே பார்வை இருந்தது, பணம் இருந்தது, சுரண்டல் இருந்தது. ஆனாலும் பாவாடையின் வடிவத்தை முடிவுசெய்தது அந்த ஆண்கள்தான் என்று சொன்னால், ஆடிய பெண்களின் உழைப்பு கணக்கிலேயே வராமல் போய்விடும்.

ஏனென்றால் அடுத்த மாற்றம் ஆடியவர்களிடமிருந்தே வந்தது. 1880களில் இத்தாலிய நடனக் கலைஞர்கள் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் போனார்கள். மிலான் பயிற்சி அவர்களுக்குக் காலில் அசாத்திய பலம் கொடுத்திருந்தது. பியெரினா லெக்னானி ஒற்றைக் காலில் நின்று, மறுகாலைச் சாட்டையாக வீசி, 32 சுற்று இடைவிடாமல் சுழல்வார். 1895இல் ஸ்வான் லேக்கிலும் அதைச் செய்தார். முட்டி என்ன செய்கிறது என்பது தெரியாவிட்டால் அதில் பாதி வீண். பாவாடை முட்டியை நோக்கி ஏறியது. லெக்னானியின் அந்தக் காலத்துப் புகைப்படங்களைப் பாருங்கள்: முட்டி வரை கவிழ்ந்த மணி போன்ற பாவாடைதான், தட்டு இல்லை. நீங்கள் பார்த்த தட்டு வடிவம் அதற்கப்புறம், 20ஆம் நூற்றாண்டில் படிப்படியாக வந்தது.

அந்தத் தட்டின் உள்வேலை எனக்கு மிகப் பிடித்தது. இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் ஒரு பட்டை, அதன் கீழே உள்ளாடை போன்ற பகுதி. அதன்மேல் சுருக்கம் வைத்த நெட் பத்துக்கும் மேற்பட்ட அடுக்குகளாகத் தைக்கப்படும். அடியில் இருப்பது சில விரல்கடை அகலம், மேலே போகப் போக அகலம் கூடும். கீழ் அடுக்குகள் மேல் அடுக்குகளைத் தாங்கும். பிறகு எல்லா அடுக்கையும் நூலால் ஆங்காங்கே தொளதொளவென்று கோத்துவிடுவார்கள்; இறுக்கினால் துணியின் துள்ளல் போய்விடும். முதுகில் ஜிப் வைப்பதில்லை, வரிசை வரிசையாகக் கொக்கிகள். ஆட்டத்தின் நடுவில் ஜிப் விட்டுவிட்டால் கதை முடிந்தது, ஒரு கொக்கி போனால் மற்றவை பிடித்துக்கொள்ளும்.

இந்த உடையில் எதையும் மறைக்க முடியாது. சுழலும்போது இடுப்பு ஒரு பக்கம் ஏறினால் தட்டு சாய்ந்து காட்டிக்கொடுத்துவிடும். அரைமண்டியில் இடுப்பு நழுவினால் குருவிடம் திட்டு வாங்கும் உங்கள் மகளுக்கு இது சட்டென்று புரியும். கூட ஆடும் ஆணுக்கு அவள் பாதம் தெரியாது, இடுப்பில் வைத்த கையாலேயே அவள் சமநிலையை அறிய வேண்டும். அதனால்தான் ஒத்திகையிலேயே பழைய டூட்டூ ஒன்றைக் கட்டிக்கொண்டு பழகுகிறார்கள்.

நம் ஊருக்கும் இதற்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. சாகும் அன்னமாக வெள்ளை டூட்டூவில் உலகமெல்லாம் ஆடிய அன்னா பாவ்லோவாவை 1920களின் இறுதியில் சந்தித்த ருக்மிணி தேவி, அவர் குழுவின் கிளியோ நார்டியிடம் பாலே கற்றார். உங்கள் நாட்டு நடனத்தைத் தேடிப் பாருங்கள் என்று சொன்னவர் பாவ்லோவா. 1936இல் கலாக்ஷேத்ரா பிறந்தது.

தட்டுக்கு உள்ளே ஒரு கம்பி வளையம் இருப்பதும் உண்டு. தனியாக ஆடுபவருக்குச் சரி, கூட்டமாக ஆடினால் ஒருவர் பாவாடை இன்னொருவர் பாவாடையை முட்டித் தூக்கும். நியூயார்க்கில் நடன அமைப்பாளர் பாலஞ்சினின் ‘சிம்பொனி இன் சி’ என்ற பாலேக்காக 1950இல் கரின்ஸ்கா என்ற உக்ரைன் நாட்டுத் தையற்கலைஞர் வளையத்தை எடுத்தெறிந்தார், அடுக்குகளையும் குறைத்தார். மென்மையாகக் கவிந்து, தானே நிற்கும் டூட்டூ வந்தது. பிறகு 1996இல் நடன அமைப்பாளர் வில்லியம் ஃபோர்சைத்தின் ‘தி வெர்டிஜினஸ் த்ரில் ஆஃப் எக்ஸாக்டிட்யூட்’ என்ற நடனத்தில் உடை வடிவமைத்த ஸ்டீபன் கேலவே நெட்டையே விட்டுவிட்டு, எலுமிச்சைப் பச்சையில் வெறும் தட்டையான வட்டமாக ஆக்கிவிட்டார். ஷூபர்ட்டின் இசை, ஐந்தே பேர், படுவேகம். கிஸெலையும் ஸ்வான் லேக்கையும் பார்த்தாயிற்று, மூன்றாவதாக இதைத் தேடிப்பிடித்து மகளுக்குக் காட்டுங்கள், மாமியாரையும் உட்கார வையுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்