அப்பா கொடுத்துவந்த நன்கொடைகளை எப்படித் தொடர்வது?

அப்பா ஏழெட்டு அமைப்புகளுக்கு மாதாமாதம் பணம் அனுப்பிவந்தார், அவர் போன பிறகும் கடிதங்கள் குவிகின்றன, எதையும் நிறுத்த மனம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் அவருடைய கடைசி ஓராண்டு வங்கிக் கணக்கு விவரத்தைப் பாருங்கள். கடிதம் போடுகிற எல்லோருக்கும் அவர் கொடுத்திருக்க மாட்டார். ஓரிடத்தில் கொடுத்தால் முகவரி நாலு இடத்துக்குப் போய்விடுவது உண்டு.

அவர் கணக்கிலிருந்து தானாகப் போகும் தொகையை ஓடவிடாதீர்கள். அது இப்போது வாரிசுகள் எல்லோருக்கும் பொதுவான பணம், பின்னால் சண்டை வரும். நீங்கள் கொடுப்பது உங்கள் கணக்கிலிருந்து, உங்கள் பெயரில் ரசீதோடு போகட்டும். வரிச் சலுகை உண்டென்றால் ரசீதில் இருக்கும் பெயரைத்தான் பார்ப்பார்கள். 'அப்பா நினைவாக' என்று குறிக்கச் சொன்னால் பல அமைப்புகள் குறித்துக்கொள்ளும்.

அப்புறம், அதே தொகைதான் கொடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எட்டுப் பேருக்குத் துளித்துளியாகப் பிரிப்பதைவிட, அவர் நேரில் போய்ப் பார்த்துவந்த ஒன்றிரண்டை வைத்துக்கொள்ளலாம் என்பேன். மற்றவர்களுக்குச் செய்தியைச் சொல்லி, பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லுங்கள். போனில் யாராவது 'உங்கள் அப்பா வாக்குக் கொடுத்திருந்தார்' என்றால், எழுத்தில் காட்டச் சொல்லுங்கள்.