‘ரிசைன் பண்ணிட்டு அப்புறம் வாங்க’ என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: சோழிங்கநல்லூரில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் நாலரை வருஷமாக வேலை பார்க்கிறேன். குழந்தைக்கு எட்டு மாதம். வேளச்சேரியில் மாமியார் பார்த்துக்கொள்கிறார். இனி தினமும் ஆபீசுக்கு வரவேண்டும், பால் கொடுக்கத் தனி இடைவேளை பாலிசியில் இல்லை என்கிறார் எச்.ஆர். ‘முடியலைன்னா ரிசைன் பண்ணுங்க, ஒரு வருஷம் கழிச்சு எடுத்துக்கறோம்’ என்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில், எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். திரும்ப எடுத்துக்கொள்வோம் என்பது வாய்வார்த்தை. ராஜினாமாக் கடிதம் எழுத்து. ஐந்து வருஷம் நிறைந்தால் கிராஜுவிட்டி என்னும் பணிக்கொடை கிடைக்கும். உங்களுக்கு இன்னும் ஆறே மாதம். பேறுகால விடுப்பின் 26 வாரமும் அந்த சர்வீஸில் சேரும். அதற்கு முன் விலகினால் நஷ்டம் உங்களுக்குத்தான். இப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் வந்து அழுத பெண்கள் பலர்.

பால் கொடுக்கும் இடைவேளை பாலிசி தரும் சலுகை அல்ல. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை, சாப்பாட்டு இடைவேளை போக, தினம் இரண்டு இடைவேளை 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு பலன் சட்டம் தந்த உரிமை. 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அது இருக்கிறது.

வீட்டிலிருந்து வேலை மட்டும் அப்படியல்ல. வேலையின் தன்மை இடம்கொடுத்து, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால்தான். ‘சட்டப்படி கொடுங்கள்’ என்று அதைக் கேட்டால் மறுப்பார்கள். அந்தச் சூட்டில் இடைவேளையையும் சேர்த்து மறுப்பார்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதாதீர்கள்.

ஆனால் இடைவேளையில் வேளச்சேரி போய்த் திரும்ப முடியுமா? அதனால் குழந்தைகள் காப்பகத்தைக் கேளுங்கள். ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்தில் அது கட்டாயம். தனியாக நடத்தவேண்டியதில்லை, அக்கம்பக்கத்து நிறுவனங்களோடு சேர்ந்தும் நடத்தலாம். ‘இடமில்லை’ என்ற பதில் செல்லாது. தினம் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம்.

வேலையில் சேரும்போதே இந்தப் பலன்களையெல்லாம் பெண்ணுக்கு எழுத்தில் சொல்லவேண்டும் என்று 2017-இலேயே திருத்தம் வந்தது. அந்தத் தாளைக் கையில் வாங்கிய ஒரு பெண்ணைக்கூட நான் பார்த்ததில்லை. ஆய்வு செய்யவேண்டியவர்கள் எங்கே போனார்கள்?

மறுத்தால் தொழிலாளர் துறையில் வெள்ளைத்தாளில் புகார் எழுதிக் கொடுங்கள். ‘நான் முடிச்சுத் தர்றேன்’ என்று பங்கு கேட்கும் இடைத்தரகர்களை அண்டவிடாதீர்கள். புகாருக்கு முன், எச்.ஆர். வாயால் சொன்னதையெல்லாம் தேதியோடு மெயிலில் எழுதி, சரிதானா என்று இன்றிரவே கேளுங்கள். ஒரு நகலை உங்கள் சொந்த மெயிலுக்கும் அனுப்பிவையுங்கள்.